ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நேற்றுவரை ஓடிய பில்லிங் மென்பொருள் இன்று திறக்கவில்லை. பிடிஎஃப்பைக் கிளிக் செய்தால் எதில் திறக்கட்டும் என்று கணினி கேட்கிறது. டிவிடி டிரைவைக் காணோம். நடுவில் நடந்தது ஒன்றுதான்: யாரோ ஒரு கிளீனரை ஓட்டி, அது காட்டிய பட்டியல் முழுவதையும் டிக் செய்து, சரிசெய் பொத்தானை அமுக்கியிருக்கிறார். அந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கான வழிமுறை இது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 7-லும் பெரும்பகுதி செல்லும்.

உங்கள் அறிகுறிக்கு நேரே தாவிவிடலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்.

கிளீனர் எதை வைத்து முடிவெடுக்கிறது?

விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் தரவுத்தளம்தான் ரெஜிஸ்ட்ரி. டிஸ்க்கில் அது ஒரே ஃபைலாக இருப்பதில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் எனத் தனித்தனி ஃபைல்களாக இருக்கிறது. இவற்றை ஹைவ் என்பார்கள். இவை தவிர ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் ஃபோல்டரில் ஒரு ஹைவ் உண்டு.

இதற்குள் இறங்கும் கிளீனர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்தப் பதிவு சுட்டிக்காட்டும் ஃபைல் இப்போது அந்த இடத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் "பிழை" என்று பட்டியலில் சேர்த்துவிடும். அந்தப் பதிவை யார் படிக்கிறார்கள், எப்போது படிப்பார்கள், படித்துக் கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அது அந்தந்த மென்பொருளை எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

இந்த ஒற்றைக் கேள்வி எங்கெல்லாம் தவறான பதிலைத் தரும் என்று பார்த்தாலே வரும் கோளாறுகளில் பாதி புரிந்துவிடும். வெளி ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ செருகாத நேரத்தில் ஸ்கேன் ஓடினால், அதிலுள்ள மென்பொருளின் பதிவுகள் எல்லாம் அநாதையாகத் தெரியும். ஆபீஸ் நெட்வொர்க் டிரைவ் இணையாதபோதும் இதே கதை. பாதையின் தொடக்கத்தில் %சிஸ்டம்ரூட்% போன்ற மாறியை வைத்து எழுதிய பதிவுகளையும், டிரைவ் எழுத்தே இல்லாமல் சிஸ்டம்32 என்று தொடங்கும் டிரைவர் பதிவுகளையும் அரைகுறையாக எழுதப்பட்ட கிளீனர் தப்பாகப் படிக்கும்.

இன்னொன்று இருக்கிறது, அது கொஞ்சம் நுணுக்கமானது. 64-பிட் விண்டோஸில் ஒரு 32-பிட் மென்பொருள் சிஸ்டம்32 ஃபோல்டரைக் கேட்டால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். கிளீனர் 32-பிட்டாக இருந்து, இந்தத் திருப்பத்தை அதை எழுதியவர் கணக்கில் எடுக்கவில்லை என்றால், கண்ணெதிரே இருக்கும் ஃபைலையே இல்லை என்று சொல்லும்.

முதல் வேலை: பேக்கப்பைத் தேடுங்கள்

கிளீனரை மறுபடி ஓட்டாதீர்கள். ஆத்திரத்தில் அதை அன்இன்ஸ்டாலும் செய்யாதீர்கள். சில கிளீனர்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே பேக்கப்பை வைத்திருக்கும், அதை நீக்கினால் பேக்கப்பும் சேர்ந்து போகலாம். சிகிளீனர் போன்றவை நீக்குமுன் பேக்கப் எடுக்கவா என்று கேட்டு, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் சிசி என்ற எழுத்துகளும் தேதியும் நேரமும் கொண்ட பெயரில் ஒரு ரெஜ் (.reg) ஃபைலைப் போடும். மற்றவற்றில் ரெஸ்டோர், ரெஸ்க்யூ சென்டர், அன்டூ என்ற பெயர்களில் ஒரு பட்டன் இருக்கும்.

ரெஜ் ஃபைல் கிடைத்தால் அதை அப்படியே இரட்டைக் கிளிக் செய்து சேர்த்துவிடலாம். நீக்கப்பட்ட பதிவுகளை அது திரும்ப எழுதும். வேறு எதையும் அழிக்காது. பல முறை கிளீனர் ஓடியிருந்தால் கடைசித் தேதி ஃபைலில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். "சில கீகளை எழுத முடியவில்லை" என்று வந்தால் (கீ என்பது ரெஜிஸ்ட்ரிக்குள் பதிவுகளை வைத்திருக்கும் ஃபோல்டர் மாதிரி), அந்தப் பதிவுகளை அப்போது வேறு ஏதோ மென்பொருள் பிடித்துவைத்திருக்கிறது, அல்லது அவற்றை எழுத உங்கள் கணக்குக்கு அனுமதி இல்லை. அட்மின் கணக்கில் நுழைந்து மறுபடி முயலுங்கள்.

முழுவதையும் திரும்ப எழுதத் தயக்கமாக இருந்தால், எனக்குப் பிடித்த வழி இது. ரெஜ் ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் கீயின் பாதை, அதன் கீழே அதன் மதிப்புகள் என்று வரிசையாக இருக்கும். கெட்டுப்போன மென்பொருளின் பெயரையோ அதன் ஃபோல்டர் பெயரையோ தேடுங்கள். கிடைத்த பகுதிகளை மட்டும் புதிய நோட்பேட் ஃபைலில் ஒட்டுங்கள். பழைய ஃபைலின் முதல் வரி, அதாவது எடிட்டர் பெயரும் 5.00 என்ற எண்ணும் உள்ள வரி, புதியதிலும் முதல் வரியாக இருக்க வேண்டும். அதன் கீழே ஒரு வெற்று வரி. இவை இல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரெஜ் ஃபைலாகவே ஏற்காது. சேமிக்கும்போது பெயரின் முடிவில் ரெஜ் நீட்சியைக் கொடுங்கள். இப்படிச் செய்வதில் இன்னொரு லாபம் உண்டு: எது போனதால் எது கெட்டது என்று கையோடு தெரிந்துவிடும்.

பேக்கப் இல்லை என்றால் அடுத்தது சிஸ்டம் ரெஸ்டோர். ரன் பெட்டியில் ஆர், எஸ், டி, ஆர், யு, ஐ என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து (rstrui) அடித்தால் அது திறக்கும். கிளீனர் ஓடிய தேதிக்கு முந்திய புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எந்த மென்பொருள்கள் பாதிக்கப்படும் என்று காட்டும் இணைப்பைக் கட்டாயம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். உங்கள் டாக்குமென்ட், போட்டோக்களை இது தொடாது, ரெஜிஸ்ட்ரி ஹைவ்களை அந்தத் தேதிக்குத் திருப்பும். வருத்தம் என்னவென்றால், பல கணினிகளில் இந்தப் பாதுகாப்பு முதலிலிருந்தே அணைந்துதான் கிடக்கும்.

இரண்டும் கைகொடுக்கவில்லையா? இனி அறிகுறி வாரியாகப் போகலாம்.

அறிகுறி: ஸ்கேன் ஆயிரக்கணக்கில் பிழை காட்டுகிறது, ஆனால் கணினி நன்றாகத்தான் ஓடுகிறது

அப்படியே மூடிவிடுங்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை, நீங்கள் எப்போதோ நீக்கிய மென்பொருளின் எச்சங்கள். கணினி ஒழுங்காக ஓடும்போதே அவை அங்கேதான் இருந்தன. எண்ணிக்கை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஸ்டார்ட் மெனு வரிசை, சமீபத்தில் திறந்த ஃபைல்கள் போன்ற தானே மறுபடி உருவாகும் பதிவுகளையும் சேர்த்து எண்ணுவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம்.

"இலவச ஸ்கேன், சரிசெய்யக் காசு" என்ற வகையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் ஓட்டிய பிசி ஹெல்த் செக் என்ற சோதனை, கணினி மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்பது போன்ற கேள்விகளில் ஏதாவது ஒன்றை டிக் செய்தாலே, ஸ்கேன் என்ன கண்டது என்பதைப் பொருட்படுத்தாமல் தீங்கான மென்பொருள் இருப்பதாகச் சொல்லியது. அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2019-ல் ஆபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருளைத் தந்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்டின. பயமுறுத்திக் காசு கேட்கும் கிளீனர்களை விண்டோஸ் டிஃபெண்டரே 2018 மார்ச் முதல் வேண்டாத மென்பொருள் என்று பிடித்து நீக்குகிறது.

அறிகுறி: கிளீனர் ஓட்டியும் கணினி மெதுவாகவே இருக்கிறது

இருக்கத்தான் செய்யும். ரெஜிஸ்ட்ரியை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் படிப்பதில்லை. ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய கீயின் பாதையைச் சொல்லி நேரே அங்கே போகும். பக்கத்தில் ஐந்நூறு செத்த பதிவுகள் கிடந்தால் அதற்கு என்ன? அழித்த இடமும் டிஸ்க்குக்குத் திரும்புவதில்லை. ஹைவ் ஃபைலுக்குள்ளேயே காலி இடமாக நிற்கும், பின்னால் வரும் பதிவு அதில் உட்காரும். விண்டோஸ் என்டி, 2000 காலத்தில் ரெஜிஸ்ட்ரியின் மொத்த அளவுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது, அது நினைவகத்தில் தனியாக ஒரு பங்கையும் பிடித்துக்கொண்டது. அன்று "சுத்தம் செய்யுங்கள்" என்பதில் கொஞ்சமாவது நியாயம் இருந்தது. எக்ஸ்பியிலேயே அந்த வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. விளம்பரம் மட்டும் மாறவில்லை.

மெதுவாக இருப்பதற்கான காரணத்தை டாஸ்க் மேனேஜரில் தேடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, டிஸ்க் பத்தி எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்கிறதா பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில், எஸ்எஸ்டி மாற்றுவதுதான் மருந்து. ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாதவற்றை அங்கேயே டிஸேபிள் செய்யலாம். அதுவும் ரெஜிஸ்ட்ரியில்தான் எழுதப்படுகிறது, ஆனால் எதையும் அழிக்காமல், திரும்ப இயக்கக்கூடிய விதத்தில்.

அறிகுறி: பழைய பில்லிங் மென்பொருள் திறக்கவில்லை, பிழை எண் 339 அல்லது 429

கடைக்காரர்களிடம் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். நம் ஊர் மருந்துக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைகளில் ஓடும் பில்லிங் மென்பொருள்களில் பல இன்னும் விஷுவல் பேசிக் 6-ல் எழுதியவை. 1998-ல் வந்த அந்த மொழியின் அடிப்படை ரன்டைம் இன்றும் விண்டோஸோடு வருகிறது. ஆனால் திரையில் தெரியும் பட்டியல், அட்டவணை, டூல்பார் போன்றவை ஓசிஎக்ஸ் நீட்சி கொண்ட தனி ஃபைல்கள். மென்பொருளோடு வந்து, தங்களை ரெஜிஸ்ட்ரியில் ஒரு நீண்ட அடையாள எண்ணோடு பதிந்துகொள்பவை. "ஆக்டிவ்எக்ஸ் மற்றும் கிளாஸ் பிழைகள்" என்ற தலைப்பில் கிளீனர் நீக்குவது இந்தப் பதிவுகளைத்தான். ஃபைல் டிஸ்க்கில் அப்படியே இருக்கும், விண்டோஸுக்கு மட்டும் அதன் முகவரி மறந்துபோயிருக்கும்.

339 என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எந்த ஓசிஎக்ஸ் என்று பிழைச் செய்தியே பெயரோடு சொல்லும். அந்தப் பெயரை எழுதிக்கொண்டு, 64-பிட் விண்டோஸ் என்றால் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் தேடுங்கள். 64 என்று பெயர் வைத்த ஃபோல்டரில் 32-பிட் ஃபைல்களும், 32 என்று பெயர் வைத்ததில் 64-பிட் ஃபைல்களும் இருக்கும். பழைய மென்பொருள்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி விட்டுவைத்தார்கள், குழம்பாதீர்கள்.

ஃபைல் அங்கே இருந்தால், கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, அந்த ஃபோல்டருக்குள் போய், ரெக்எஸ்விஆர்32 (regsvr32) கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டு அந்த ஃபைலின் பெயரை அடியுங்கள். பதிவு வெற்றி என்று சிறு பெட்டி வரும். மறுபடி மென்பொருளைத் திறந்தால், அடுத்த ஓசிஎக்ஸின் பெயரைச் சொல்லி இன்னொரு 339 வரலாம். சலிக்காமல் அதையும் அப்படியே செய்யுங்கள். நாலைந்துக்கு மேல் போகாது. ஃபைலே இல்லை என்றால் மென்பொருளோடு வந்த சிடியிலிருந்தோ, விற்றவரிடமிருந்தோ வாங்குங்கள். "இந்த டிஎல்எல் இலவசம்" என்று தரும் தளங்களிலிருந்து எடுக்க வேண்டாம்.

429 கொஞ்சம் அழுத்தக்காரப் பிழை. பொருளை உருவாக்க முடியவில்லை என்று சொல்லும், எந்தப் பொருள் என்று சொல்லாது. மைக்ரோசாஃப்டின் பிராசஸ் மானிட்டரை இறக்கி, பில்லிங் மென்பொருளின் பெயருக்கு ஃபில்டர் போட்டு, பிழை வரும் கணம்வரை பதிவுசெய்யுங்கள். முடிவுப் பத்தியில் "நேம் நாட் ஃபவுண்ட்" என்று வந்து, பாதையில் சிஎல்எஸ்ஐடி (CLSID) என்ற சொல்லும் அதையடுத்து நீண்ட அடையாள எண்ணும் இருக்கும் வரிகளில், பிழைக்குச் சற்று முன்னால் வருவதைப் பிடியுங்கள். அந்த அடையாள எண்ணை வேறொரு நல்ல கணினியின் ரெஜிஸ்ட்ரியில் தேடினால் எந்த ஃபைல் என்று தெரியும். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் செட்டப்பை மறுபடி ஓட்டலாம்.

ஆனால் அதற்கு முன் டேட்டாவைக் காப்பி எடுங்கள். இந்தப் பழைய மென்பொருள்களில் பல, விற்பனைக் கணக்கு முழுவதையும் தன் ஃபோல்டருக்குள்ளேயே ஓர் ஆக்சஸ் ஃபைலாக வைத்திருக்கும். மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்து, சாதாரணக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாததால், விண்டோஸ் அதன் எழுத்தையெல்லாம் பயனரின் ஆப்டேட்டாவில் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பியிருக்கும். இப்போது நீங்கள் அதே மென்பொருளை அட்மினாகத் திறந்தால் பல வருடப் பழைய கணக்கு தெரியும், "டேட்டா போச்சே!" என்று கடைக்காரர் தலையில் கை வைப்பார். போகவில்லை. இரண்டு இடத்திலும் உள்ள ஃபைல்களின் தேதியைப் பாருங்கள். இரண்டையும் காப்பி எடுத்துவிட்டுத்தான் செட்டப்பைத் தொட வேண்டும்.

அறிகுறி: ஒரு மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இன்ஸ்டாலர் எழுந்து வருகிறது

"விண்டோஸ் கட்டமைக்கும்வரை காத்திருக்கவும்" என்று ஒரு சின்னப் பெட்டி வரும், பட்டை ஓடும், கடைசியில் சிடியைப் போடு என்று கேட்கும். எம்எஸ்ஐ முறையில், அதாவது விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் வழியாக, நிறுவிய மென்பொருள்கள், தங்கள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஃபைலையோ ரெஜிஸ்ட்ரிக் கீயையோ அடையாளமாக வைத்திருக்கும். ஷார்ட்கட்டைத் தொட்டதும் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். கிளீனர் அதைத் துடைத்துவிட்டது. மென்பொருளின் கண்ணில் தான் அரைகுறையாக நிற்கிறோம் என்று படுகிறது, அதனால் தானே பழுதுபார்க்க எழுகிறது.

இதில் நல்ல செய்தி, எது போனது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய், எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் என்ற மூலத்திலிருந்து வந்த 1001, 1004 எண்ணுள்ள எச்சரிக்கைகளைப் பாருங்கள். 1004-ல் காணாமல் போன கீயின் முழுப் பாதையே எழுதியிருக்கும். அதை ரெஜ் பேக்கப்பில் தேடிச் சேர்த்தால் முடிந்தது. பேக்கப் இல்லை என்றால், அதே பதிப்பின் அசல் இன்ஸ்டாலரை ஓட்டி ரிப்பேர் கொடுங்கள். வேறு பதிப்பின் இன்ஸ்டாலர் ஒத்துக்கொள்ளாது.

அன்இன்ஸ்டாலும் ஆகாமல், புதிய பதிப்பும் ஏறாமல் 1612, 1714 போன்ற எண்கள் வந்தால் அதுவும் இதே குடும்பம்தான். சில கிளீனர்கள் இடம் மிச்சம் என்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரையும் காலி செய்துவிடும். அன்இன்ஸ்டாலுக்குத் தேவையான எம்எஸ்ஐ ஃபைல்கள் அங்கேதான் இருக்கும். இதற்கு மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் தரும் இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் பிரச்சினைத் தீர்ப்பியை ஓட்டுங்கள். இதே வேலைக்கு முன்பு விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீன்அப் என்று ஒரு கருவியை அவர்களே தந்தார்கள். அது மற்ற மென்பொருள்களையும் கெடுக்கிறது என்று 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 1990-களில் அவர்களே வெளியிட்ட ரெக்கிளீன் என்ற ரெஜிஸ்ட்ரி கிளீனருக்கும் அதே முடிவுதான். ரெஜிஸ்ட்ரியை வடிவமைத்த நிறுவனத்துக்கே சரிப்பட்டு வராத வேலை இது.

அறிகுறி: ஃபைலைக் கிளிக் செய்தால் தவறான மென்பொருளில் திறக்கிறது

இது சுலபம். அந்த ஃபைலின் மேல் வலது கிளிக், ஓபன் வித், சரியான மென்பொருள், எப்போதும் இதிலேயே என்ற டிக். ரெஜிஸ்ட்ரிக்குள் கை வைத்து மாற்றப் பார்க்காதீர்கள். விண்டோஸ் 8 முதல் உங்கள் தேர்வோடு ஹாஷ் என்ற ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்த்து எழுதப்படுகிறது, கையால் மாற்றினால் அது பொருந்தாமல் விண்டோஸ் பழைய நிலைக்கே திருப்பிவிடும்.

இஎக்ஸ்இ ஃபைல்களே திறக்கவில்லை, எதைக் கிளிக் செய்தாலும் நோட்பேட் வருகிறது என்றால்தான் கொஞ்சம் வேலை. அப்போதும் ரெஜ் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் அதற்கான தொடர்பு தனிக் கீயில் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் சேஃப் மோடில் கமாண்ட் பிராம்ப்டோடு துவக்குங்கள். அங்கே ஃபைல் தொடர்புகளைப் பார்க்காமலே இஎக்ஸ்இ ஓடும். ஏ, எஸ், எஸ், ஓ, சி (assoc) கட்டளையால் புள்ளி இஎக்ஸ்இ நீட்சியை இஎக்ஸ்இஃபைல் என்ற வகைக்கு இணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அறிகுறி: டிவிடி டிரைவ் காணவில்லை, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 19 அல்லது 39

இங்கே கிளீனர் செய்தது அரைவேலை. பழைய சிடி எழுதும் மென்பொருள்கள் டிரைவுக்கு மேல் ஒரு ஃபில்டர் டிரைவரை, அதாவது சாதனத்துக்கும் விண்டோஸுக்கும் நடுவில் உட்காரும் ஒரு நிரலை, பொருத்தும். கிளீனர் அந்த டிரைவரின் சர்வீஸ் பதிவை நீக்கிவிட்டு, "இந்த ஃபில்டரையும் ஏற்று" என்று சொல்லும் வரியை விட்டுவைத்தால், விண்டோஸ் இல்லாததைத் தேடித் தோற்று சாதனத்தையே நிறுத்திவிடும்.

டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பண்புகளைத் திறந்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் கிளாஸ் ஜியுஐடியை, அதாவது அந்தச் சாதன வகையின் அடையாள எண்ணைத் தேர்ந்தெடுங்கள். டிவிடி டிரைவ் என்றால் அது 4டி36இ965 என்று தொடங்கும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கி அதே எண்ணுள்ள கீயைப் பிடியுங்கள். கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, வலப்பக்கம் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற மதிப்புகள் இருந்தால் நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இந்த வைத்தியம் டிவிடி டிரைவுக்கு மட்டும். கீபோர்டு வகைக்கான கீயிலும் அப்பர்ஃபில்டர்ஸ் உண்டு, அதில் கேபிடிகிளாஸ் என்று இருக்கும். அது இருந்தால்தான் கீபோர்டே வேலை செய்யும். மவுஸுக்கும் அப்படியே. வால்யூம் வகையில் உள்ளதை நீக்கினால் கணினி துவங்காமலே போகலாம். அங்கெல்லாம் மதிப்பை நீக்காமல், உள்ளே உள்ள பட்டியலில் செத்துப்போன ஃபில்டரின் பெயரை மட்டும் எடுக்க வேண்டும்.

அறிகுறி: டிடிபி வேலையில் சில தமிழ் எழுத்துருக்கள் மறைந்துவிட்டன

எழுத்துருக்களை விண்டோஸ் ஃபோல்டருக்குள் காப்பி செய்யாமல், வேறு டிரைவில் வைத்து ஷார்ட்கட் முறையில் நிறுவியவர்களுக்கு இது வரும். ஸ்கேன் ஓடும்போது அந்த டிரைவ் இணையாமல் இருந்திருந்தால் ஃபான்ட்ஸ் கீயிலிருந்து அவை போயிருக்கும். ஃபைல்கள் பத்திரமாக இருக்கும், மறுபடி நிறுவினால் போதும். பழைய பாமினி ஆவணம் திறக்கும்போது "தமிழ்" இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக்குவியல் தெரிந்தால் ஆவணம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுத்துரு வந்ததும் சரியாகிவிடும்.

அறிகுறி: எக்ஸலோடு பேசும் மென்பொருள் "லைப்ரரி பதிவாகவில்லை" என்கிறது

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். பிழை எண்ணின் முடிவில் 8002801டி இருந்தால், மீந்துபோன பதிவே கோளாறாக இருக்க வாய்ப்புண்டு. ஆபீஸின் புதிய பதிப்பைப் போட்டுப் பழையதற்குத் திரும்பியவர்களுக்கு டைப்லிப் கீயின் கீழ் புதிய பதிப்பின் எண் அப்படியே தங்கிவிடும். அழைக்கும் மென்பொருள் பெரிய எண்ணைப் பார்த்து அங்கே போகும், உள்ளே ஒன்றும் இருக்காது. கீயை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, இல்லாத பதிப்பின் துணைக்கீயை மட்டும் நீக்கினால் தீரும். ஆபீஸை ஆன்லைன் ரிப்பேர் செய்தும் பார்க்கலாம். ஆயிரம் பதிவுகளை அள்ளிக்கொண்டு போவதற்கும், எது என்று தெரிந்து ஒன்றை எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அறிகுறி: கிளீனரே போக மறுக்கிறது, பாப்-அப் நிற்கவில்லை

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பின்பு டாஸ்க் ஷெட்யூலரில் அதன் பெயரில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா பாருங்கள், பாப்-அப் அங்கிருந்துதான் எழும். மைக்ரோசாஃப்டின் ஸிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் இதற்கு இன்னும் வசதி. தானாகத் துவங்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும், டிக்கை எடுத்தால் நிற்கும், போட்டால் ஓடும். கடைசியாக டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று. பேர்பெற்ற கிளீனர்தானே என்று இதைத் தவிர்க்காதீர்கள். 2017-ல் சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே யாரோ தீங்கான நிரலைச் செருகி, அது அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே சுமார் 22.7 லட்சம் பயனர்களின் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அறிகுறி: கணினி துவங்கவே இல்லை

துவக்கம் தொடர்ந்து தோற்றால் விண்டோஸ் தானே பழுதுபார்ப்புத் திரைக்குப் போகும். போகாவிட்டால் நிறுவும் பென் டிரைவிலிருந்து துவக்கி, ரிப்பேர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக முதலில் சிஸ்டம் ரெஸ்டோர். அதில் புள்ளி எதுவும் இல்லையென்றால் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அதற்கும் மசியாவிட்டால் கமாண்ட் பிராம்ப்ட்.

பழைய குறிப்புகளில், கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ரெக்பேக் என்ற ஃபோல்டரிலிருந்து ஹைவ்களை எடுத்து மேலே ஒட்டச் சொல்வார்கள். விண்டோஸ் 7-ல் அது நல்ல வழி. விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பு முதல் அந்த ஃபோல்டரில் ஃபைல்கள் இருந்தாலும் அளவு 0 பைட்டாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே நிறுத்திவிட்டது. அளவைப் பார்க்காமல் அந்தக் காலி ஃபைல்களைக் காப்பி செய்தால் இருந்ததும் போய்விடும். அளவு உள்ள ஃபைல்கள் இருந்தால் மட்டும், தற்போதைய ஹைவ்களுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, பிறகு காப்பி செய்யுங்கள். பழுதுபார்ப்புத் திரையில் சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம், எங்கே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஃபைல்களை வைத்துக்கொண்டு ரீசெட் செய்வதுதான் மிச்சம். மென்பொருள்கள் எல்லாம் போய்விடும், ஆவணங்கள் நிற்கும் என்று விண்டோஸ் சொல்லும். அதை நம்பினாலும், டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டியோ லினக்ஸ் பென் டிரைவில் துவக்கியோ முக்கியமானதை வெளியே எடுத்துவிட்டு அமுக்குங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் கிடக்கும் பில்லிங் டேட்டா, விண்டோஸ் கணக்கில் ஆவணம் அல்ல.

கணினி மீண்டு வந்ததும் இரண்டு அமைப்புகளை மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரெஸ்டோர் பாயின்ட் என்று தேடி, சி டிரைவுக்குப் பாதுகாப்பை இயக்குங்கள். அடுத்து ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர், கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்று இறங்கி, எனேபிள்பீரியாடிக்பேக்கப் என்ற பெயரில், ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் (EnablePeriodicBackup), 32-பிட் டிவேர்ட் மதிப்பொன்றை உருவாக்கி 1 என்று கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகு, விண்டோஸின் பராமரிப்புப் பணி ஓடும்போது ரெக்பேக் ஃபோல்டரில் ஹைவ்களின் நகல் மறுபடி சேரத் தொடங்கும். சில நாள் கழித்து அந்த ஃபோல்டரைத் திறந்து, அளவு பூஜ்யமாக இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.